காரைக்குடியிலிருந்து கானமயில் பார்க்க: கடைசி 60 கிலோமீட்டரை முதலில் முடிவு பண்ணுங்கள்

மார்கழியில் அப்பச்சியை (எங்கள் பக்கத்தில் அப்பாவை இப்படித்தான் கூப்பிடுவோம்) கூட்டிக்கொண்டு, கானமயில் என்கிற அருகிவரும் பெரிய புல்வெளிப் பறவையைப் பார்க்க ராஜஸ்தானில் ஜெய்சல்மேர் பக்கம் இருக்கிற பாலைவன தேசியப் பூங்காவுக்குப் போய்வந்தேன். எங்கள் நகரத்தார் வழக்கப்படி பிள்ளையார் நோன்புக்கு இழை எடுக்கிற சடங்கை முடித்துக்கொண்டு கிளம்பி, பொங்கலுக்குள் வீடு திரும்ப வேண்டும். ஆத்தா போட்ட நிபந்தனை அது ஒன்றுதான். போய்வந்ததிலிருந்து "எப்படிப் போனீங்க, எங்களுக்கும் சொல்லுங்க" என்று நிறையப் பேர் கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் போனில் சொல்லி மாளவில்லை. அதனால் இந்தப் பதிவு.

ரயில் சீட்டு எடுப்பது, ரூம் போடுவது எல்லாம் உங்களுக்கே தெரியும். நான் தடுக்கி விழுந்த இடங்களை மட்டும் விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் வரைபடத்தைப் பாருங்கள்

இந்தப் பூங்கா 3,162 சதுர கிலோமீட்டர். நம் சிவகங்கை மாவட்டத்தில் முக்கால் பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜெய்சல்மேர், பார்மேர் என்று இரண்டு மாவட்டங்களில் கிடக்கிறது, மேற்கே பாகிஸ்தான் எல்லை. வண்டலூர் மாதிரி ஒரு வாசல், ஒரு டிக்கெட் கவுண்டர், வாசலில் பஸ் ஸ்டாப் என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். உள்ளே ஊர்கள் இருக்கின்றன, ஆடு மாடு மேய்கிறது, தார் ரோடு போகிறது. எங்கே பூங்கா தொடங்குகிறது என்றே தெரியாது.

கானமயிலைப் பார்க்கப் போகிறவர்களுக்கு வேண்டிய இடம் சுதாசரி. ஜெய்சல்மேரிலிருந்து ஏறக்குறைய 60 கிலோமீட்டர். வனத்துறை வேலி போட்டுப் பாதுகாக்கிற புல்வெளி அங்கேதான். போனில் வரைபடத்தைத் திறந்து ஜெய்சல்மேர், சம், குரி, சுதாசரி நாலுக்கும் புள்ளி வையுங்கள். சம், குரி இரண்டும் மணல்மேட்டுக்குப் பெயர்போன சுற்றுலா ஊர்கள். சுதாசரி அந்த இரண்டுக்கும் நடுவில். இந்த நாலு புள்ளியும் மனசில் பதிந்தால் பாதி வேலை முடிந்தது. எனக்குப் பதியவில்லை, அந்தக் கதை கீழே வருகிறது.

வரைபடத்தை ஆஃப்லைனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஊரைத் தாண்டினால் சிக்னல் வரும், போகும். என் கட்சி எப்போதும் காகிதம்தான். 40 பக்க நோட்டில் ரயில் எண், பெட்டி, ஊர்களுக்கு இடையே தூரம் எல்லாம் எழுதி வைத்திருந்தேன். போன் சார்ஜ் தீர்ந்தபோது அந்த நோட்டுதான் கைகொடுத்தது.

காரைக்குடியிலிருந்து ஜோத்பூர்

விமானம் என்றால் திருச்சியோ மதுரையோ, நமக்கு இரண்டும் கிட்டத்தட்ட ஒரே தூரம்தான். அங்கிருந்து சென்னை, பிறகு டெல்லி அல்லது மும்பையில் மாறி ஜோத்பூர். ஜெய்சல்மேரிலும் விமான நிலையம் உண்டு, ஆனால் சேவை பெரும்பாலும் குளிர்காலத்தில்தான். எல்லைப் பக்க ஊர் என்பதும் நினைவிருக்கட்டும். 2025 மே மாதம் பதற்றம் வந்தபோது ஜெய்சல்மேர், ஜோத்பூர் உள்பட 32 விமான நிலையங்களைச் சில நாள் மூடிவிட்டார்கள். (நம் செட்டிநாடு கால்நடைப் பண்ணைக்குள் இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஓடுதளம் சும்மாவே கிடக்கிறது. ஒவ்வொரு தேர்தலிலும் அதற்கு உயிர் வரும், அப்புறம் மறுபடி மாடு மேயும்.)

அப்பச்சிக்கு விமானம் ஆகாது. அதனால் ரயில். மன்னார்குடியிலிருந்து பகத் கி கோத்திக்கு வாரம் ஒரு ரயில் போகிறது. காரைக்குடியிலிருந்து பட்டுக்கோட்டை வழியாக பஸ்ஸில் மன்னார்குடி போய் ஏறலாம். அது தோதுப்படாதவர்கள் விடியற்காலைப் பல்லவன் ரயிலிலோ ராத்திரி சேது ரயிலிலோ சென்னை போய், அங்கே பிடிக்கலாம். எப்படிப் போனாலும் ஜோத்பூருக்கு ரயிலில் குறைந்தது இரண்டு ராத்திரி.

சீட்டைப் பார்த்ததும் அப்பச்சி கேட்டார்கள்: "ஜோத்பூருக்கு எடுக்கச் சொன்னா யாரு வீட்டுக்கோ எடுத்திருக்கியேப்பா?" பகத் கி கோத்தி என்பது ஜோத்பூரிலேயே இன்னொரு ஸ்டேஷன். கோத்தி என்றால் பெரிய வீடாம். செட்டிநாட்டுக்காரருக்குப் பொருத்தமான ஸ்டேஷன்தான்! ஆனால் ஜோத்பூர் ஜங்ஷன் அங்கிருந்து நாலைந்து கிலோமீட்டர். ஜெய்சல்மேர் ரயில் எந்த ஸ்டேஷனில் ஏறுவது என்று சீட்டைப் பார்த்து உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். எங்களுக்கு ஒன்றில் இறங்கி இன்னொன்றில் ஏறும்படி அமைந்தது. மூட்டை முடிச்சோடு ஆட்டோ பிடித்தோம்.

முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கும். 120 நாள் கணக்கு 2024 நவம்பர் 1-ஆம் தேதியோடு போய்விட்டது. தட்கலை நம்பி இவ்வளவு தூரம் கிளம்பாதீர்கள். அப்படியே எடுத்தாலும், 2025 ஜூலையிலிருந்து ஆன்லைன் தட்கலுக்கு ஆதார் சரிபார்த்த கணக்கு வேண்டும். அதைக் காலை பத்து மணிக்கு உட்கார்ந்து செய்ய முடியாது, முந்தின வாரமே முடித்துவிடுங்கள்.

வண்டி எங்கே வருகிறது என்று பார்க்க எனக்குப் பிடித்தது 'வேர் இஸ் மை ட்ரெயின்' செயலி. இணையம் இல்லாவிட்டாலும் செல்போன் கோபுரத்தை வைத்து இடத்தைக் காட்டிவிடும். வேறு நாலு செயலி போட்டுப் பார்த்து அழித்துவிட்டேன்.

ஜோத்பூரிலிருந்து ஜெய்சல்மேர்

ரயிலில் சுமார் 300 கிலோமீட்டர். ராத்திரி ஏறினால் காலையில் ஊர். நெடுந்தூர ரயில் மூன்று நாலு மணி நேரம் தாமதமாவது சகஜம், அதனால் அடுத்த சீட்டை ஒட்டி ஒட்டிப் போடாதீர்கள். வயசானவர்கள் கூட வந்தால் ஜோத்பூரில் ஒரு ராத்திரி தங்குங்கள். நாங்கள் தங்கவில்லை, அப்பச்சியின் கால் வீங்கிவிட்டது. ஸ்வெட்டர், குல்லா இரண்டையும் பெட்டிக்கு அடியில் வைக்காதீர்கள், ராத்திரி நடுங்கும்.

கடைசி 60 கிலோமீட்டர்: நான் கோட்டைவிட்ட இடம்

மூன்று நாள் பிரயாணத்தை நோட்டுப் போட்டுத் திட்டமிட்டவன், இந்த ஒரு மணி நேரத்துக்கு மட்டும் "அங்கே போய்ப் பார்த்துக்கலாம்" என்று விட்டுவிட்டேன்.

போய் இறங்கிய மறுநாள் காலை ஆறு மணிக்கு டாக்சி. ஆறு மணி என்றால் நம் ஊரில் பால்காரர் வந்து, கோலம் போட்டு முடித்திருப்பார்கள். அங்கே கும்மிருட்டு. மார்கழியில் ஜெய்சல்மேரில் சூரியன் எட்டிப்பார்க்கவே ஏழரை ஆகிறது. டிரைவரிடம் எனக்குத் தெரிந்த இந்தியில் "டெசர்ட் நேஷனல் பார்க்" என்றேன். "டெசர்ட்? ஹாங், ஹாங், டெசர்ட்!" என்று தலையை ஆட்டினார். நானும் ஆட்டினேன்.

விடியும்போது வண்டி நின்ற இடத்தில் வரிசையாக வெள்ளைக் கூடாரங்கள். பூப்போட்ட துணி போர்த்திய ஒட்டகங்கள் அசைபோட்டுக்கொண்டு நின்றன. முந்தின ராத்திரி ஆட்டத்துக்கு வைத்த ஸ்பீக்கர் பெட்டிகளை ஒரு பையன் சாக்குப் போட்டு மூடிக்கொண்டிருந்தான். எதிரே மணல்மேடு, அதன்மேல் ஏழெட்டுப் பேர் செல்பி எடுத்துக்கொண்டிருந்தார்கள். அப்பச்சி மஃப்ளரை இறக்கிவிட்டுச் சுற்றிப் பார்த்தார்கள். "ஏப்பா, இதுல பறவை எங்கேருந்து வரும்?"

அது சம். டிரைவர் மேல் தப்பே இல்லை. ஜெய்சல்மேரில் வந்து இறங்கி "டெசர்ட்" என்கிற நூறு பேரில் முக்கால்வாசிப் பேருக்கு வேண்டியது மணல்மேடும் ஒட்டகமும்தான். ஆனால் பூங்காவின் பெரும்பகுதி மணல்மேடே கிடையாது. புல், கல்லாங்குத்துத் தரை, முள்ளுச்செடி என்று நம் கல்லல் பக்கத்துப் பொட்டல் மாதிரிதான் இருக்கும். கானமயில் வாழ்வதும் அந்தப் புல்வெளியில்தான்.

சரி, அங்கிருந்தே சுதாசரிக்குப் போகலாம் என்றால், "அது பேச்சில் இல்லை, பர்மிஷன் இருக்கா?" என்றார். இல்லை. ஒரு நாள் போச்சு. ஆகவே நீங்கள் இப்படிச் செய்யுங்கள்:

1. ஜெய்சல்மேரில் இறங்கிய அன்றே பூங்காவுக்கான வனத்துறை அலுவலகத்துக்குப் போய் சுதாசரிக்கு அனுமதி, கட்டணம், நேரம் மூன்றையும் கேட்டு முடியுங்கள். அசல் அடையாள அட்டை கையில் இருக்கட்டும். விடுமுறை நாளில் போய் நின்றால் பூட்டுதான் வரவேற்கும், அதனால் வேலை நாளில் ஊருக்குள் நுழையும்படி ரயில் தேதியைப் போடுங்கள். கடைசி 60 கிலோமீட்டரை முதலில் முடிவு பண்ணச் சொல்வது இதற்காகத்தான்.

2. டிரைவரிடம் "டெசர்ட்" என்ற வார்த்தையையே எடுக்காதீர்கள். "சுதாசரி", "கோடாவண்" இந்த இரண்டு சொல் போதும். கோடாவண்தான் அங்கே கானமயிலுக்குப் பெயர், ராஜஸ்தானின் மாநிலப் பறவை. தங்குமிடத்தில் சொல்லி ஒரு துண்டுச் சீட்டில் இந்தியில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மறுநாள் நான் அந்தச் சீட்டை நீட்டினேன். டிரைவர் முகமே மாறிவிட்டது. "கோடாவணா? அப்போ வேற ரோடு" என்றார்.

3. வாடகையைக் கிலோமீட்டருக்குப் பேசாதீர்கள். போக, காத்திருக்க, வர எல்லாம் சேர்த்து ஒரே தொகை பேசுங்கள். காத்திருக்கும் நேரம்தான் இதில் பெரிசு.

4. டேங்க் நிரம்பியிருக்கிறதா என்று நகரத்தை விட்டு வெளியேறும் முன் பாருங்கள். தண்ணீர் நிறைய. சாப்பாடு உங்களுடையது. ஆத்தா கட்டிக்கொடுத்த மணகோலமும் சீப்புச் சீடையும் ஐந்தாம் நாளும் மொறுமொறுவென்று இருந்தன. டிரைவர் சீடையை ஒரு கை அள்ளி, சட்டைப் பையிலும் போட்டுக்கொண்டார்.

பார்த்தோமா?

பார்த்தோம். ரொம்பத் தொலைவில், புல்லுக்கு மேலே ஒரு வெள்ளைக் கழுத்து, அதன்மேல் கறுப்புத் தொப்பி. பைனாகுலரை அப்பச்சி கையில் கொடுத்தேன். நாலு எட்டு நடந்தது, நின்றது, மறுபடி நடந்தது. ஆண் பறவை 15 கிலோ வரை இருக்கும், பறக்கிற பறவைகளில் மிகக் கனமானவற்றில் ஒன்று. அந்தக் கனத்தோடு பறக்கும்போது முன்னால் வரும் மின்கம்பியைப் பார்த்துச் சட்டென்று விலக முடியாமல் மோதிச் சாகிறது. கம்பிகளைத் தரைக்கடியில் கொண்டுபோகச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2021-இல் உத்தரவு போட்டது, பிறகு 2024-இல் அதைத் தளர்த்தி நிபுணர் குழு அமைத்தது. போகிற வழியெல்லாம் காற்றாலையும் கம்பியுமாக இருப்பதை நீங்களே பார்ப்பீர்கள்.

திரும்பும்போது, நம் சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தை நினைத்து அப்பச்சி சொன்னார்கள்: "வேட்டங்குடியில பறவைக்காகத் தீபாவளிக்கு வெடியே போடமாட்டான். இங்கே கம்பியை மாத்த இவ்வளவு பாடா?"

பின்சேர்க்கை 1: கோலாலம்பூரிலிருந்து ஓர் ஆச்சி கேட்டிருந்தார்கள்: "நாங்கள் மலேசியப் பாஸ்போர்ட், வரலாமா?" வரலாம், ஆனால் ஜெய்சல்மேர் மாவட்டத்தின் எல்லையோரப் பகுதிகளில் வெளிநாட்டுக் குடிமக்களுக்குத் தனி அனுமதி வேண்டும். ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்குக் கொடுப்பது) இருந்தாலும் இந்த விதி பொருந்தும். நீங்கள் போகிற இடம் அந்தப் பகுதிக்குள் வருகிறதா என்று மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். ஊரிலிருந்து கூட வருகிற சொந்தக்காரருக்கு இருக்கும் வசதி உங்களுக்கும் இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள்.

பின்சேர்க்கை 2: நான் போனபோது இல்லாத ஒரு வசதி. 2025 மே மாதத்திலிருந்து சென்னை சென்ட்ரலிலிருந்தும் பகத் கி கோத்திக்கு ரயில் விட்டிருக்கிறார்கள். வாரம் ஒரு நாள் ரயிலுக்காகத் தேதியை மடக்கி மடக்கிப் போடும் தலைவலி குறையும். ஆனால் பல்லவன் எழும்பூரில் இறக்கும், இது சென்ட்ரலில் கிளம்பும். நடுவில் சென்னை டிராஃபிக் இருக்கிறது, இரண்டு மணி நேரமாவது விடுங்கள்.

பின்சேர்க்கை 3: தேவகோட்டை நண்பர் ஒருவர் இந்தப் பதிவைப் பார்த்துப் போகிற சீட்டு மட்டும் போட்டுவிட்டுப் போனார். திரும்புகிற வார ரயில் அவர் ஜோத்பூர் வருவதற்கு முந்தின நாள் போய்விட்டது. இரண்டு சீட்டும் ஒரே நாளில் திறக்காது. போகும் சீட்டு போட்ட பிறகு, திரும்பும் தேதிக்கு 60 நாள் முன்பு என்றைக்கு வருகிறது என்று காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள். அன்றைக்குக் காலை எட்டு மணிக்கு.