அறை வாடகைக்கு வந்தவர் தொல்லை கொடுத்தால்: சென்னை வீட்டுக்காரர்களுக்கு

வீட்டில் ஒன்றிரண்டு அறைகளைத் தினவாடகைக்கோ வாரவாடகைக்கோ விடுபவர்களுக்கு வரும் தகராறுகளில் பெரும்பாலானவை ஐந்து விஷயங்களில்தான் கிளம்பும்: ஏ.சி., தண்ணீர், அடுப்பங்கரை, சொல்லாமல் வந்து சேரும் கூடுதல் ஆள், ராத்திரிச் சத்தம். தான் செய்வதற்கு என்ன செலவாகிறது என்பது தங்குபவருக்கு இவற்றில் எதிலுமே தெரிவதில்லை. மின்கட்டணம் உங்களுக்கு வருகிறது, லாரித் தண்ணீருக்கு நீங்கள் போன் போடுகிறீர்கள், கீழ்வீட்டுக்காரர் உங்களிடம்தான் சண்டைக்கு வருகிறார். முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வதாலோ கதவை அறைந்து சாத்துவதாலோ இது அவருக்குப் புரியப்போவதில்லை. நாலு நாள் பொறுத்துவிட்டு ஐந்தாம் நாள் கத்தினால், உங்களைத்தான் கிறுக்கு என்று நினைப்பார். அளவை முன்கூட்டியே சொல்லுங்கள். மீறினால் அன்றைக்கே வாய்விட்டுச் சொல்லுங்கள்.

முதலில், வருவது யார் என்று பாருங்கள். கிரீம்ஸ் சாலை, கல்லூரிச் சாலைப் பக்கம் வருபவர்கள் பெரும்பாலும் வெளிமாநில நோயாளிகளும் துணைக்கு வந்தவர்களும். அவர்களுக்கு வேண்டியது சமைக்க இடம், துணி துவைக்க வசதி, ஆஸ்பத்திரி தள்ளிப்போட்டால் இரண்டு நாள் கூடுதலாகத் தங்க அனுமதி. மார்கழியில் மயிலாப்பூருக்குக் கச்சேரி கேட்க வருபவர் ராத்திரி பத்துக்கு மேல்தான் திரும்புவார், அவருக்குத் தனிச் சாவி தேவை. ஓ.எம்.ஆரில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த பையன்களிடம் நண்பர்கள் வருகைதான் பிரச்சினை. எல்லோருக்கும் ஒரே விதிப் பட்டியலை நீட்டினால் யாரும் படிக்கமாட்டார்கள்.

பணம் வாங்குவதற்கு முன் வாட்ஸ்அப்பில் எழுத்தாக நான்கு கேள்விகளுக்குப் பதில் வாங்குங்கள். குழந்தைகள் உட்பட எத்தனை பேர், எந்த நேரத்துக்கு வருகிறார்கள், சமைப்பார்களா, வண்டி இருக்கிறதா. நேரம் ஏன் முக்கியம் என்றால், தென்மாவட்ட ரயில்கள் விடியற்காலையில் எழும்பூரில் இறக்கிவிடும். அறை பதினொரு மணிக்குத்தான் காலியாகும் என்றால், பெட்டியை எங்கே வைப்பது, எங்கே குளிப்பது என்று அப்போதே பேசிவிட வேண்டும். இல்லாவிட்டால் ஐந்தரை மணிக்கு உங்கள் அழைப்பு மணி அடிக்கும். பெரியவர்கள் ஒவ்வொருவரின் அடையாள அட்டை நகலையும் கேளுங்கள். ஆதாரில் கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் நகல் போதும். வெளிநாட்டவர் என்றால், அவர் உங்களிடம் தங்குவது பற்றி, சி ஃபார்ம் என்று பழக்கத்தில் சொல்லும் தகவலை 24 மணி நேரத்துக்குள் ஆன்லைனில் பதிய வேண்டும். பாஸ்போர்ட்டையும் விசாவையும் படம் எடுத்துக்கொண்டு திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வாங்கிப் பூட்டி வைக்க உங்களுக்கு உரிமை கிடையாது.

மின்சாரம்

1.5 டன் ஏ.சி. மணிக்குச் சுமார் ஒரு யூனிட் இழுக்கும், பழைய மாடலாக இருந்தால் ஒன்றரைக்கு மேலேயே போகும். ராத்திரி மட்டும் ஓடினால் பத்துப் பன்னிரண்டு யூனிட். போட்டுவிட்டு ஊர் சுற்றப் போனால் அதைப்போல் இரண்டு மடங்கு. சென்னையில் கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. 500 யூனிட்டைத் தாண்டினால் மேலே போன யூனிட்டுக்குக் கூடுதல் விலை என்பது மட்டுமல்ல, கீழ்ப்படியில் 101 முதல் 200 வரை கிடைத்துவந்த குறைந்த விலையும் போய்விடும். ஒரு விருந்தாளி உங்கள் வீட்டுக் கட்டணத்தையே வேறு படிக்கு ஏற்றிவிடுவது இப்படித்தான்.

இதற்குச் சண்டை வேண்டாம், சப் மீட்டர் போதும். அந்த அறைக்குப் போகும் லைனில், எம்.சி.பி.க்கு (லோடு கூடினால் தானாக அணையும் சுவிட்ச்) பிறகு சிங்கிள் ஃபேஸ் டிஜிட்டல் மீட்டர் ஒன்றை எலக்ட்ரீஷியனிடம் சொல்லிப் பொருத்துங்கள். ஏ.சி., ஹீட்டர், பிளக் எல்லாம் அதன் வழியாகவே போகவேண்டும். ஹீட்டரை வேறு லைனில் விட்டுவிட்டால் கணக்கு பொய்யாகிவிடும். வந்தவுடன் அவர் முன்னாலேயே ரீடிங்கைப் படம் எடுத்து அவருக்கே அனுப்புங்கள். "ஒரு நாளைக்குப் பத்து யூனிட் வாடகையில அடங்கும் சார், அதுக்கு மேல யூனிட்டுக்கு இவ்வளவு" என்று ஒரு தடவை சொன்னால் போதும். விலையை உங்கள் போன கட்டணத்தின் மேல்படியிலிருந்து எடுங்கள், அதில் லாபம் வைக்காதீர்கள். லாபம் தெரிந்தால் மரியாதை போய்விடும். தினவாடகைக்கு விடும் அறை வீட்டு இணைப்பிலேயே ஓடலாமா என்பதை மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுத் தெளிந்துகொள்வது நல்லது.

தண்ணீர்

நகரத்தில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது அரசு வைத்திருக்கும் திட்ட அளவு. மூன்று பேருக்குச் சுமார் 400 லிட்டர். விருந்தாளி அறைக்கு மட்டும் 500 லிட்டர் சின்டெக்ஸ் டாங்க் தனியாக வைத்து, அதிலிருந்து தனிக் குழாய் இழுத்துவிட்டால் பாதிப் பேச்சு மிச்சம். தீர்ந்தால் அவர் சொல்வார், மோட்டார் போட்டு நிரப்புவீர்கள். ஒரே நாளில் இரண்டு தடவை தீர்ந்தால் அவருக்கே விஷயம் தெரியும். ஆனால் அவரைக் குற்றம் சொல்வதற்கு முன் ஃபிளஷ் டாங்கைப் பாருங்கள். உள்ளே வாஷர் தேய்ந்திருந்தால் ராத்திரி முழுக்கச் சத்தமில்லாமல் ஒழுகும். கழிவறைப் பீங்கானுக்குள் பின்சுவரில் டிஷ்யூ காகிதத்தை ஒட்டிப் பாருங்கள், நனைந்தால் குற்றவாளி வாஷர்தான்.

கழிவறை அடைப்புக்குக் காரணம் நாப்கின், ஈரத் துடைப்பான், முடி. மூடி போட்ட குப்பைக்கூடையும் பழைய செய்தித்தாள் கட்டும் உள்ளே இருந்தால் அடைப்பு பாதியாகக் குறையும். எழுதி ஒட்டிய எச்சரிக்கைக்கு அந்தச் சக்தி இல்லை. நோயாளிகள் ஊசி போட்டுக்கொள்பவர்கள் என்றால் கெட்டியான பிளாஸ்டிக் டப்பா ஒன்று கொடுத்து, நிறைந்ததும் ஆஸ்பத்திரியிலேயே ஒப்படைக்கச் சொல்லுங்கள்.

அடுப்பங்கரை

சைவ வீட்டில் மீன் வாசம் வந்தால் மனக்கசப்பு நிச்சயம். இதில் குற்றம் சொல்ல முடியாது, வங்காளத்திலிருந்து வந்தவருக்கு மீன் அன்றாடச் சாப்பாடு. சைவம் மட்டும்தான் என்றால் அறை விளம்பரத்திலேயே எழுதுங்கள், வந்து இறங்கியபின் சொல்வது அநியாயம். சமைக்க விடுவதாக இருந்தால் மொட்டை மாடியிலோ பின்கட்டிலோ தனி மேடை, தனிப் பாத்திரம், தனி இண்டக்‌ஷன் அடுப்பு. அந்த அடுப்பு 2,000 வாட் வரை இழுக்கும் என்பதால் 16 ஆம்பியர் பிளக்கில்தான் போட வேண்டும். அறையில் உள்ள சின்ன பிளக்கில் எக்ஸ்டென்ஷன் பெட்டி சொருகி ஓட்டினால் பிளக் உருகும், தீப்பிடிக்கவும் கூடும்.

ஆளும் சத்தமும்

இரண்டு பேர் என்று சொல்லி ஐந்து பேர் வந்தால் வாசலிலேயே பேசுங்கள். உள்ளே விட்டு, காபி கொடுத்து, மறுநாள் கேட்பது தவறு. "மேடம், ரெண்டு பேருன்னுதான் எழுதியிருந்தீங்க. மூணாவது ஆளுக்குப் பாய் தரலாம், இவ்வளவு ஆகும். நாலு, அஞ்சுக்கு இடம் இல்ல, பக்கத்துல லாட்ஜ் இருக்கு." இவ்வளவுதான். மன்னிப்பும் வேண்டாம், விளக்கமும் வேண்டாம்.

சத்தத்துக்குச் சட்டத்திலேயே நேரம் இருக்கிறது. 2000ஆம் ஆண்டு ஒலிமாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை இரவு நேரம், குடியிருப்புப் பகுதியில் 45 டெசிபல் வரைதான். ஆனால் விதியைச் சொல்லி ஆரம்பிக்காதீர்கள். குழுவில் பொறுப்பாகத் தெரியும் ஒருவரைத் தனியாக அழைத்து, "தம்பி, கீழ்வீட்ல பெரியவங்க தூங்குறாங்க, பால்கனிக் கதவச் சாத்திட்டு உள்ள பேசிக்குங்க" என்றால் பெரும்பாலும் அடங்கிவிடும். கூட்டத்தின் நடுவில் நின்று கண்டித்தால் வீம்புக்கு இன்னும் சத்தம் போடுவார்கள்.

சொன்னபின்னும் தொடர்ந்தால், சொன்னதையே அரை மணிக்குள் வாட்ஸ்அப்பில் இரண்டு வரியாக அனுப்புங்கள். தமிழ் தெரியாதவர் என்றால் மொழிபெயர்ப்புச் செயலிக்குச் சின்னச் சின்ன வாக்கியமாகக் கொடுங்கள், நீட்டினால் அர்த்தம் மாறிவிடும். மூன்றாவது தடவை, மிச்ச நாள் வாடகையைத் திருப்பிக் கொடுத்து, காலையில் கிளம்பச் சொல்லுங்கள். ஏர்பிஎன்பி மாதிரி அறை பதிவு செய்யும் இணையதளம் வழியாக வந்தவர் என்றால் தளத்துக்குத் தெரிவித்துவிட்டுத்தான் இதைச் செய்ய வேண்டும். மிரட்டல், கைகலப்பு என்று போனால் 100. மின்சாரத்தை நிறுத்துவது, சாமானை வெளியே வைப்பது இரண்டும் உங்களைத்தான் சிக்கலில் மாட்டும். மாதக்கணக்கில் தங்குபவர் விருந்தாளி அல்ல, வாடகைதாரர். அவருக்கு 2019 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் உள்ள தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் பொருந்தும், எழுத்து ஒப்பந்தமும் பதிவும் கட்டாயம். பெண்களுக்கென்று விடுதி மாதிரி நடத்துவதானால் 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி தனிப் பதிவு வேண்டும்.

முன்பணம்

ஒரு நாள் வாடகை அளவுக்கு முன்பணம் போதும், அதிகம் கேட்டால் நல்லவர்கள் போய்விடுவார்கள். வந்தவுடன் மெத்தை, கண்ணாடி, குளியலறை, டிவி நான்கையும் அவர் எதிரிலேயே படம் எடுங்கள். கிளம்பும்போதும் அதேபோல். மருதாணிக் கறையும் தலைச்சாயமும் வெள்ளை விரிப்பில் போகாது. அதனால் கரும்பழுப்பு விரிப்பும், தலையணைக்கு ஜிப் உறையும் வாங்கிவிட்டால் பிடித்தம் செய்யும் பேச்சே எழாது. உடைந்ததற்கு மட்டும் கழியுங்கள், அழுக்குக்கு வேண்டாம். மீதியை அவர் வாசலைத் தாண்டும் முன் யூபிஐயில் அனுப்பிவிடுங்கள். ஏர்பிஎன்பி விருந்தாளி என்றால் அவர் கிளம்பி 14 நாட்களுக்குள் படங்களோடு அந்தத் தளத்திலேயே இழப்பீடு கோர வேண்டும்.

தொல்லை கொடுத்தவரே மறுபடி அறை கேட்டால், அந்தத் தேதியில் அறை இல்லை என்று மட்டும் சொல்லுங்கள்.