ஒரே பெயரில் இரண்டு குக்கீ

மூன்று நாளாக ஒரு தளத்தில் லாகின் ஆகவே இல்லை. பாஸ்வேர்டு சரி, உள்ளே போன மறுநொடி திரும்பவும் லாகின் பக்கம். பாஸ்வேர்டை மாற்றினேன், எக்ஸ்டென்ஷன்களை அணைத்தேன், கேஷை மட்டும் அழித்தேன் (குக்கீ என்பது தளம் நம் பிரவுசரில் போட்டுவைக்கும் சின்னக் குறிப்பு; அதில் கைவைத்தால் மற்ற தளங்களிலும் லாகவுட் ஆகிவிடுமே). ம்ஹூம். இன்காக்னிட்டோவில் மட்டும் ஒழுங்காக வந்தது. அங்கே பழைய குக்கீ எதுவும் இருக்காது என்பது அப்போதுதான் உறைத்தது.

குரோமில் எஃப்12 தட்டி, அப்ளிகேஷன் பகுதியில் குக்கீஸைத் திறந்தேன். நாம் லாகின் ஆனதை நினைவில் வைக்கும் செஷன் குக்கீ ஒரே பெயரில் இரண்டு வரி! பாத் கட்டத்தில் (தளத்தின் எந்தப் பகுதிக்கு அந்தக் குக்கீ போகும் என்பது) ஒன்றுக்கு வெறும் சாய்கோடு. மற்றதற்குச் சாய்கோட்டோடு 'அக்கவுண்ட்'. நீளமான பாத் உள்ளதைத்தான் பிரவுசர் முதலில் அனுப்பும். சர்வர் முதலில் வந்த அந்தச் செத்துப்போன பழைய செஷனையே பிடித்துக்கொண்டிருந்திருக்கிறது. அந்த ஒரு வரியை மட்டும் டிலீட் செய்தேன். அப்பாடா, உள்ளே போய்விட்டேன். வேறெந்தத் தளத்திலும் லாகவுட் ஆகவில்லை.