அலைனர் போட்டிருப்பவர்கள் பல் சொத்தை விஷயத்தில் செய்யும் தவறுகள்

"அலைனரைக் கழற்றி வைத்துவிட்டுப் பல் தேய்க்கலாம், கம்பி மாதிரி இல்லை, அதனால் சொத்தை வராது." பல்வரிசையைச் சரிசெய்ய அலைனர், அதாவது பல்லின் மேல் மாட்டிக் கழற்றும் பிளாஸ்டிக் உறை, போடுகிறவர்கள் பலரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். கழற்றலாம் என்பது சரி. சொத்தை வராது என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

ஒரு நாளில் 20 முதல் 22 மணி நேரம் அலைனர் பல்லை மூடியிருக்கிறது. மற்ற நேரத்தில் நாம் ஒன்றும் செய்யாமலேயே எச்சில் பல்லைக் கழுவிக்கொண்டிருக்கும், அமிலத்தைத் தணிக்கும், அரிக்கப்பட்ட எனாமலுக்கு, அதாவது பல்லின் கடினமான மேற்பூச்சுக்கு, கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் திரும்பக் கொடுக்கும். அலைனர் போட்டதும் இதெல்லாம் குறைந்துவிடுகிறது. அதனால் அதை மாட்டும்போது பல்லின் மேல் என்ன ஒட்டியிருக்கிறதோ, அதையும் சேர்த்துத்தான் பல மணி நேரத்துக்கு மூடி வைக்கிறோம்.

இருப்பதிலேயே பெரிய தவறு, அலைனரோடு காபியோ ஜூஸோ குடிப்பது. ஒரு வாய்தானே என்று தோன்றும். அலைனர் எவ்வளவு கச்சிதமாக உட்கார்ந்திருந்தாலும் ஈறோரமாக உள்ளே இறங்கிவிடும். இறங்கியது சீக்கிரம் வெளியே வராது. பல்லில் படிந்திருக்கும் பாக்டீரியா சர்க்கரையை அமிலமாக்கும். அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் (குறையக் குறைய அமிலம் அதிகம்) சுமார் 5.5-க்குக் கீழே போனால் எனாமல் கரைய ஆரம்பிக்கும். வெறும் பல்லாக இருந்தால் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் எச்சில் அதைச் சரிக்கட்டிவிடும். அலைனருக்குள் சிக்கிய ஜூஸிடம் எச்சில் எளிதில் போய்ச் சேராது. சர்க்கரை சேர்க்காத சோடா பானங்களும் அமிலம்தான், அவற்றையும் நம்ப வேண்டாம். சூடான பானத்தில் அலைனர் வளைந்துபோகவும் கூடும். அலைனர் வாயில் இருக்கும்போது வெறும் தண்ணீர் மட்டும் குடியுங்கள். மற்ற விஷயங்களில் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம், இதில் மட்டும் கண்டிப்பாக இருங்கள்.

அடுத்தது, சாப்பிட்ட கையோடு மாட்டிக்கொள்வது. வெளியே இருக்கிறீர்கள், பிரஷ் இல்லை, சரி. வாயை நன்றாக நாலைந்து முறை கொப்பளியுங்கள், அலைனரையும் தண்ணீரில் அலசி மாட்டுங்கள், வீட்டுக்கு வந்ததும் தேய்த்துவிடுங்கள். புளிப்பாக எதையாவது சாப்பிட்டிருந்தால் உடனே பிரஷ் போடாதீர்கள். அமிலத்தில் எனாமல் இளகியிருக்கும், கொப்பளித்துவிட்டு அரை மணி நேரம் பொறுங்கள். அப்புறம் கொறிக்கும் பழக்கம். ஒவ்வொரு முறை கொறிப்பதும் பல்லுக்கு இன்னொரு அமிலக் குளியல். கொறிக்க ஆசைப்படுவதைச் சாப்பாட்டோடு சேர்த்தே முடித்துக்கொள்வது நல்லது.

அலைனர் பிடிமானத்துக்காகப் பல்லில் ஒட்டும் சின்ன மேடுகளை, அதாவது அட்டாச்மென்ட்களை, பெரும்பாலோர் கவனிப்பதே இல்லை. ஒருமுறை டாக்டர் என் கோரைப்பல்லைக் காற்றடித்து உலர்த்திக் கண்ணாடியைக் கையில் கொடுத்தார். அட்டாச்மென்டைச் சுற்றிச் சுண்ணாம்பு பூசியதுபோல ஒரு வெள்ளைத் திட்டு. எச்சில் பட்டதும் அது மங்கிவிட்டது. தினமும் கண்ணாடி பார்த்தும் தெரியாமல் போனது அதனால்தான். எனாமல் தாதுச்சத்தை இழக்கும் ஆரம்பக் கட்டம் அது. குழி விழுவதற்குள் கண்டுபிடித்தால் ஃப்ளூரைடாலும் சுத்தத்தாலும் அங்கேயே நிறுத்த முடியும். அட்டாச்மென்டின் மேல், கீழ், இரு பக்கம் என்று பிரஷைச் சாய்த்துத் தேய்க்க வேண்டும். பல்லிடுக்குக்குத் தினம் ஒருமுறை ஃப்ளாஸ், அதாவது பல்லிடுக்கைச் சுத்தம் செய்யும் நூல். அங்கே பிரஷ் எட்டாது.

இரவில் தேய்ப்பதை மட்டும் தவறவிடாதீர்கள். தூக்கத்தில் எச்சில் சுரப்பது ரொம்பக் குறைவு. ஃப்ளூரைடு உள்ள பற்பசையால் தேய்த்து, நுரையைத் துப்பிவிட்டு, தண்ணீர் விட்டுக் கொப்பளிக்காமல் அலைனரைப் போட்டுக்கொள்ளுங்கள். பல்லில் மிச்சமிருக்கும் ஃப்ளூரைடு வேலை செய்யட்டும்.

பல்லைத் தேய்த்துவிட்டு அலைனரை அழுக்காகவே மாட்டினால் பயனில்லை. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பாருங்கள், கடைவாய்ப் பல் உட்காரும் குழிகளில் வெண்மையாக ஒரு படலம் தெரியும். மென்மையான பிரஷ், மிதமான திரவ சோப்பு, குளிர்ந்த தண்ணீர் போதும். பற்பசை போட்டுத் தேய்த்தால் கீறல் விழும், கீறலில் அழுக்கு தங்கும். வெந்நீர் கூடாது.

சொத்தை ஏற்கெனவே இருந்தால் அளவெடுப்பதற்கு முன்பே அடைத்துவிடுங்கள். நடுவில் அடைத்தால் பல்லின் வடிவம் மாறி அலைனர் சரியாக உட்காராமல் போகலாம். சிகிச்சை ஆரம்பித்த பிறகும் ஒன்றை மறக்காதீர்கள்: பல் நகர்கிறதா என்று பார்ப்பது வேறு, சொத்தை இருக்கிறதா என்று பார்ப்பது வேறு. சொத்தை வலிக்க ஆரம்பிக்கும்போது பெரும்பாலும் ஆழமாகிவிட்டிருக்கும். ஒவ்வொரு முறை போகும்போதும் அட்டாச்மென்ட் ஓரங்களை உலர்த்திப் பார்க்கும்படி நீங்களே டாக்டரிடம் கேளுங்கள்.