நகரத்துப் பதின்வயதினருக்கு ஆறு வார வேலைப் பயிற்சி: நடத்துபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

விடுமுறையில் பதின்வயதுப் பிள்ளைகளுக்குச் சம்பளத்தோடு வேலைப் பயிற்சி தர முன்வரும் அமைப்புகள் பெரும்பாலும் பாடத்திட்டம் தயாரிப்பதில்தான் இறங்குகின்றன. முதலில் வேலை இடங்களைப் பிடியுங்கள். பாடத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

வேலை இடம்

மூன்று மாதம் முன்பே பேசத் தொடங்குங்கள். 50 பிள்ளைகள் என்றால் 60 இடங்களுக்கு ஒப்புதல் வாங்கி வையுங்கள். கடைசி வாரத்தில் சில இடங்கள் கையை விரிப்பது வழக்கம்தான். முதலாளி சரி என்றதும் கிளம்பிவிடக் கூடாது. பிள்ளையோடு தினமும் நிற்கப்போகும் சூப்பர்வைசரை நேரில் பார்த்துப் பேசுங்கள். திட்டம் அவர் கையில்தான் இருக்கிறது. அவருக்குத் தகவலே போகாமல் இருந்தால், முதல் நாள் வந்து நிற்கும் பையனைப் பார்த்து “யாருப்பா நீ?” என்பார். மூன்றாம் நாள் அவன் வரமாட்டான்.

ஒவ்வொரு இடத்திலிருந்தும் ஒரு பக்கத்தில் வேலை விவரம் எழுதி வாங்குங்கள். ‘அலுவலகத்தில் உதவி’ என்று ஒற்றை வரி வந்தால் திருப்பி அனுப்புங்கள். அப்படிப்பட்ட இடத்தில் பிள்ளை எடுபிடியாக அலையும், அல்லது மூலையில் உட்கார்ந்து போன் பார்க்கும். நூலகம் என்றால் விவரம் இப்படி இருக்கலாம்: முதல் வாரம், திரும்பி வந்த புத்தகங்களை வண்டியில் எண் வரிசைப்படி அடுக்கி அலமாரியில் வைப்பது; இரண்டாம் வாரத்திலிருந்து கவுண்டரில் ஸ்கேன் செய்து புத்தகம் வாங்குவது; நான்காம் வாரத்திலிருந்து ஒரு அலமாரியின் இருப்பைத் தனியாகச் சரிபார்த்து, காணாமல் போனவற்றுக்குப் பட்டியல் போடுவது. சந்தேகம் வந்தால் யாரைக் கேட்பது, அவர் லீவில் இருந்தால் யாரைக் கேட்பது, கையில் இருந்த வேலை தீர்ந்துவிட்டால் அடுத்து என்ன செய்வது என்பதும் அதிலேயே இருக்க வேண்டும். கடைசியாகச் சொன்னதை யாரும் எழுதித் தருவதில்லை. சும்மா நிற்கும் நேரத்தில்தான் வம்பு வருகிறது.

வயதும் சட்டமும்

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 138-ஆம் உடன்படிக்கை (1973) வேலைக்கான குறைந்தபட்ச வயதைப் பொதுவாக 15 என்கிறது. ஆபத்தான வேலைக்கு 18. உயரத்தில் ஏறுவது, ஆபத்தான இயந்திரம், அதிக பாரம், ரசாயனம், இரவு வேலை எல்லாம் ஆபத்துக் கணக்கில் வருபவை. உங்கள் நாட்டுச் சட்டம் இதைவிடக் கடுமையாக இருந்தால் அதுதான் செல்லும். கடையில் வேலை என்று ஒப்புக்கொண்டவர் கிடங்கில் மூட்டை தூக்கவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் மீறல். ஆகவே செய்யக் கூடாத வேலைகளையும் வேலை விவரத்தின் அடியில் எழுதிச் சூப்பர்வைசரிடம் கையெழுத்து வாங்குங்கள்.

ஆள் சேர்ப்பு

இடத்தைவிட விண்ணப்பம் கூடுதலாக வந்தால் குலுக்கல் போடுங்கள். நேர்காணல் வைத்தால் பேசத் தெரிந்த பிள்ளைகள் உள்ளே வந்துவிடுவார்கள். அவர்களுக்கு நீங்கள் இல்லாமலே வேலை கிடைத்துவிடும். குலுக்கலில் வராதவர்களைக் காத்திருப்போர் பட்டியலில் வைத்து, முதல் வாரம் முடியும்வரை காலியாகும் இடங்களுக்குக் கூப்பிடுங்கள்.

பேர் வந்த பிறகும் பிள்ளைகள் உதிர்ந்துபோவது ஆவணங்களால்தான். வயதுச் சான்று, பெற்றோர் ஒப்புதல், பேங்க் கணக்கு ஆகிய மூன்றையும் ஒரே நாளில், ஒரே அறையில் முடியுங்கள். பேங்க் ஊழியர், நகல் எடுக்கும் இயந்திரம், கையெழுத்துப் போடப் பெற்றோர் என எல்லாம் அங்கேயே இருக்கட்டும். ‘அடுத்த வாரம் கொண்டுவா’ என்று அனுப்பினால் திரும்பி வருபவர்கள் குறைவு.

போக்குவரத்து

வீட்டிலிருந்து 45 நிமிடத்துக்குள், அதிகம் போனால் ஒருமுறை பஸ் மாறிப் போகும்படி இடம் ஒதுக்குங்கள். வரைபடத்தில் பக்கமாகத் தெரிவதை நம்பாதீர்கள். தெருவுக்குத் தெரு பகை இருக்கும் பகுதியில், குறிப்பிட்ட ஒரு முனையைத் தாண்டிப் போக முடியாத பையன்கள் இருப்பார்கள். அதைத் தாங்களாகச் சொல்லமாட்டார்கள், தனியாகக் கூப்பிட்டு, “எந்தப் பக்கம் போறதுல சிக்கல்?” என்று கேட்டால் சொல்வார்கள். முதல் சம்பளம் கைக்கு வரும்வரை பஸ் செலவு உங்களுடையது.

வகுப்பு

வேலைக்கு முன் மூன்று நாள், மொத்தம் 10 மணி நேரம் போதும். பாதுகாப்பு, சம்பளக் கணக்கு, வேலை இடத்து நடைமுறை இவற்றைச் சுருக்கமாக முடித்துவிட்டு, மிச்ச நேரத்தை ஒரே ஒரு பழக்கத்துக்குக் கொடுங்கள்: தாமதமானால் போன் செய்வது. 20 நிமிடம் தாமதமான பிள்ளை, திட்டு விழும் என்று பயந்து அன்று முழுக்கவே போகாது. மறுநாள் இரட்டை வெட்கம். இப்படித்தான் ஒரு பஸ்ஸைத் தவறவிட்டது வேலையை விடுவதில் போய் முடிகிறது. ஆகவே இரண்டிரண்டு பேராக நிறுத்தி, உண்மையாகவே போன் செய்து பேசவையுங்கள்: “சார், பஸ் போயிடுச்சு. 9.20-க்கு வந்துடுவேன்.” காரணம், வந்து சேரும் நேரம், அவ்வளவுதான். வெட்கம் போகும்வரை திரும்பத் திரும்ப.

சம்பளம்

வாரம் 20 மணி நேரம், ஆறு வாரம் என்றால் ஒருவருக்கு 120 மணி நேரம். 50 பேருக்கு 6,000. இதை உங்கள் ஊர்க் குறைந்தபட்ச மணி ஊதியத்தால் பெருக்கி, காப்பீடு, பயணச் செலவு, 20 பிள்ளைகளுக்கு ஒரு களப் பணியாளர் சம்பளம் ஆகியவற்றைச் சேர்த்தால் உங்கள் பட்ஜெட். மாதக் கடைசியில் மொத்தமாகக் கொடுப்பதைவிட வாராவாரம் கொடுப்பது நல்லது. திட்டம் தொடங்கும் முன்பே எல்லாக் கணக்குக்கும் ஒரு சிறு தொகை அனுப்பிப் பாருங்கள். கணக்கு எண்ணில் ஒரு இலக்கம் தவறியிருந்தாலோ, பெயர் எழுத்து மாறியிருந்தாலோ அப்போதே தெரிந்துவிடும். முதல் சம்பளம் தவறிய வீட்டில் அடுத்த வாரம் பிள்ளையை அனுப்ப யோசிப்பார்கள், நியாயம்தானே.

களப் பார்வை

முதல் மூன்று நாளுக்குள் எல்லா இடங்களுக்கும் ஆள் போய் வர வேண்டும், பிறகு வாரம் ஒருமுறை. பிள்ளையிடமும் சூப்பர்வைசரிடமும் தனித்தனியாகப் பேசுங்கள். உரசல் என்றால் உடனே இடம் மாற்றாமல், மூவரும் உட்கார்ந்து 15 நிமிடம் பேசிப் பாருங்கள். மரியாதைக் குறைவோ தொந்தரவோ நடந்திருந்தால் பேச்சே வேண்டாம், அன்றே வெளியே கூட்டி வந்துவிடுங்கள்.

நிதி தருபவரிடம் என்ன சொல்வது

நிரந்தர வேலை கிடைக்கும் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். 2012-இல் சிகாகோவில் வன்முறை மிகுந்த பகுதிப் பள்ளிகளின் மாணவர்களைக் குலுக்கலில் எடுத்து, வாரம் 25 மணி நேரமாக 8 வாரம் குறைந்தபட்ச ஊதியத்தில் வேலை தந்தார்கள். துணைக்கு வழிகாட்டிகளையும் வைத்தார்கள். குலுக்கலில் வராதவர்களோடு ஒப்பிட்டால், வன்முறைக் குற்றத்துக்காக அவர்கள் கைதாவது அடுத்த 16 மாதங்களில் 43 சதவீதம் குறைந்தது. ஒரு பிரிவுக்கு அந்த 25 மணியில் 10 மணி நேரத்தை எண்ணத்தையும் உணர்ச்சியையும் கையாளக் கற்றுத்தரும் வகுப்புக்கு ஒதுக்கியும், இரு பிரிவுக்கும் பலன் ஏறக்குறைய ஒன்றுதான். நியூயார்க்கின் கோடைக்கால வேலைத் திட்டத்தை ஆராய்ந்தபோது, சிறை செல்வதும் உயிரிழப்பும் குறைந்திருந்தன. பிற்கால வருமானம் மட்டும் கூடவில்லை. இதை இப்படியே சொல்லிப் பணம் கேளுங்கள்.

கடைசி வாரங்கள்

பரிந்துரைக் கடிதத்தை ஐந்தாம் வாரமே கேட்டு வாங்குங்கள். ஆறாம் வாரத்தில் யாருக்கும் நேரம் இருக்காது. நியூயார்க்கில் இத்தகைய கடிதம் பெற்ற பிள்ளைகளுக்கு அடுத்த ஆண்டு வேலை கிடைப்பது கூடியதை ஆய்வில் பார்த்திருக்கிறார்கள். ‘நல்ல பையன், கடின உழைப்பாளி’ என்று எழுதினால் பயனில்லை. எத்தனை நாளில் எத்தனை நாள் நேரத்துக்கு வந்தார், எந்த வேலையைத் தனியாகச் செய்தார் என்று இருக்க வேண்டும். வருகைப் பதிவேட்டைப் பார்த்து வரைவை நீங்களே தயாரித்துக் கொண்டுபோனால் சூப்பர்வைசர் திருத்திக் கையெழுத்துப் போடுவது எளிது. பிள்ளை கையில் காகிதத்தில் ஐந்து பிரதி, போனில் ஒரு படம், கூடவே விசாரிக்க வேண்டுமானால் அழைக்கலாம் என்று அவர் சம்மதித்த போன் எண்.