நூலும் நட்டும் போதும்: வீட்டிலேயே புவியீர்ப்பு முடுக்கத்தை அளப்பது எப்படி?

அறிவியல் முறை என்றதும் உற்றுநோக்கல், கருதுகோள், சோதனை, முடிவு என்று நான்கு பெட்டிகளும் நடுவே அம்புக்குறிகளும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். அதை மனப்பாடம் செய்வதைவிட, ஒரு தனி ஊசலை (நூலில் தொங்கி ஆடும் குண்டை) கட்டித் தொங்கவிட்டு, ஈர்ப்பு முடுக்கத்தை, அதாவது கீழே விழும் பொருளின் வேகம் வினாடிக்கு வினாடி கூடும் அளவை, ஒரு மாலைப் பொழுது அளந்து பாருங்கள். ஓர் எண்ணை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பது கைக்கே பிடிபட்டுவிடும்.

தேவையானவை: ஒன்றேகால் மீட்டர் பருத்தி நூல் (நைலான் இழுபடும், வேண்டாம்), ஓர் இரும்பு நட்டு (இதுதான் ஊசலின் குண்டு), அளவு டேப், செல்போன் ஸ்டாப்வாட்ச், நோட்டு, பேனா. பென்சில் வேண்டாம். எடுத்த அளவை அழிக்கும் வசதியே இருக்கக் கூடாது.

படி 1: ஊகத்தை முதலில் எழுதுங்கள்

கனமான குண்டு வேகமாக ஆடுமா? நூல் நீளமானால் என்ன ஆகும்? உங்களுக்குத் தோன்றுவதைத் தேதியோடு எழுதுங்கள். அளந்த பிறகு எழுதுவது கருதுகோள் ஆகாது.

படி 2: நீளம்

நூலை ஆணியில் சும்மா சுற்றினால், ஆடும்போது தொங்கும் புள்ளி நகரும். இரண்டு தட்டையான குச்சிகளுக்கு நடுவே நூலை இறுக்கிப் பிடிக்க வையுங்கள். குச்சியின் அடிவிளிம்பிலிருந்து நட்டின் நடுப்பகுதி வரைதான் ஊசலின் நீளம். முடிச்சு வரை அல்ல. டேப்பின் நுனியிலுள்ள கொக்கி ஆடும் என்பதால், 10 செ.மீ. கோட்டிலிருந்து அளந்து பிறகு 10ஐக் கழித்துவிடுங்கள். நீளத்தை 1 மீட்டருக்குச் சரிசெய்யுங்கள்.

படி 3: நேரம்

பெரும்பாலானவர்கள் சறுக்கும் இடம் இது. ஒரே ஓர் அலைவை, அதாவது போய்த் திரும்பும் ஒரு முழு ஆட்டத்தை, அளந்தால் அது ஏறக்குறைய 2 வினாடி. பொத்தானை அழுத்துவதில் விரல் 0.2 வினாடி தாமதித்தாலே பத்தில் ஒரு பங்கு பிழை. அதே தாமதம் 20 அலைவுகளுக்குப் பங்கானால், ஓர் அலைவுக்கு 0.01 வினாடிதான்.

குண்டை 10 செ.மீ. மட்டும் விலக்கி, தள்ளாமல் விடுங்கள். அது நடுக்கோட்டைக் கடக்கும்போது 'பூஜ்யம்' என்று சொல்லிக்கொண்டே ஸ்டாப்வாட்சைத் தொடங்குங்கள். அதே திசையில் மறுபடி கடக்கும்போதுதான் 'ஒன்று'. 'ஒன்று' என்றே தொடங்கினால் 19 அலைவுகளைத்தான் அளந்திருப்பீர்கள். கடைசியில் விடை 10.9 அருகே வந்து நிற்கும்.

படி 4: திரும்ப அளத்தல்

குறைந்தது ஐந்து முறை. 1672இல் ழான் ரிஷே என்ற பிரெஞ்சு வானியலர், பாரிசிலிருந்து பூமத்திய ரேகைக்கு அருகிலுள்ள கயேன் நகருக்குப் போனார். வினாடிக்கு ஒருமுறை நடுக்கோட்டைக் கடக்கும் ஊசலை அங்கே ஏறக்குறைய 3 மி.மீ. குறைக்க வேண்டியிருந்தது; அங்கே ஈர்ப்பு சற்றுக் குறைவு என்பதே காரணம். ஒரு மீட்டர் நூலில் 3 மி.மீ. என்பதை அளவுப் பிழை என்று யாரும் தள்ளிவிட்டிருக்கலாம். அவர் வாரந்தோறும், பல மாதங்கள் அதையே அளந்தார். பூமி நடுவில் பருத்திருக்கிறது என்று நியூட்டன் வாதிட்டபோது இந்த அளவும் சான்றாக நின்றது.

படி 5: கணக்கு

ஈர்ப்பு முடுக்கம் = 39.48 (அதாவது 4π²) × நீளம் (மீட்டரில்) ÷ அலைவுநேரத்தின் (ஓர் அலைவுக்கு ஆகும் வினாடிகளின்) வர்க்கம்

20 அலைவுகளுக்கு 40.1, 40.3, 40.0, 40.2, 40.1 வினாடி வந்ததாக வைத்துக்கொள்வோம். சராசரி 40.14, ஓர் அலைவுக்கு 2.007 வினாடி. விடை 9.80 மீ/வி².

இங்கேயே நிறுத்தாதீர்கள். நேரம் சராசரியிலிருந்து 0.16 வினாடி வரை ஏறி இறங்குகிறது; அது 0.4 சதவீதம். வர்க்கம் எடுப்பதால் இரட்டிப்பாகி 0.8. நீளத்தில் 2 மி.மீ. சந்தேகம் இருந்தால் இன்னொரு 0.2. மொத்தம் 1 சதவீதம். ஆகவே எழுத வேண்டியது: 9.8 ± 0.1 மீ/வி². கால்குலேட்டர் காட்டும் எட்டு இலக்கத்தையும் எழுதுவது பொய்க்குச் சமம். தெரிந்த விடை வரவேண்டும் என்று அளவுகளைத் திருத்துவது அதைவிட மோசம்.

படி 6: ஒன்றை மட்டும் மாற்றுங்கள்

முதலில் கனம். நட்டுக்குக் கீழே இன்னொன்றைக் கோத்தால் மையம் இறங்கி நீளமும் கூடிவிடும். நூலைச் சுருக்கி நீளத்தைப் பழையபடி கொண்டுவந்த பிறகே அளக்க வேண்டும். அலைவுநேரம் மாறாது. விலக்கும் கோணத்தை 60 பாகைக்குக் கொண்டுபோனால் அலைவுநேரம் ஏறக்குறைய 7 சதவீதம் கூடும். மேலே சொன்ன சூத்திரம் சிறு கோணத்துக்கு மட்டும்தான்.

அடுத்து நீளம். 25, 50, 75, 100 செ.மீ. வைத்து அளந்து, நிமிர்ந்த அச்சில் நீளம், கிடை அச்சில் அலைவுநேரத்தின் வர்க்கம் என்று வரைபடம் போடுங்கள். நேர்கோடு வரும். அதன் சாய்வை 39.48ஆல் பெருக்கினால் ஈர்ப்பு முடுக்கம். கோடு ஆதிப்புள்ளி வழியாகப் போகாமல் நிமிர்ந்த அச்சை 1 செ.மீ. கீழே வெட்டினால், நட்டின் நடுவை விட்டு 1 செ.மீ. மேலேயே அளந்து நிறுத்தியிருக்கிறீர்கள். ஆனால் சாய்வு அதனால் மாறுவதில்லை; அந்தப் பிழையோடு எடுத்த அளவுகளிலிருந்தும் ஈர்ப்பு முடுக்கம் சரியாகவே கிடைக்கும்.