நேட்டாலுக்குக் கப்பலேறியவரின் ஊரைக் கண்டுபிடிப்பது எப்படி

தென்னாப்பிரிக்காவில் வாழும் தமிழ் வம்சாவளியினர் ஒருவர், தம் கொள்ளுத்தாத்தாவின் பெயர் மட்டும் எழுதிய தாள் ஒன்றை அனுப்பி, "இவர் எந்த ஊர்?" என்று கேட்டால், நம்மில் பலர் அந்தப் பெயரை இணையத்தில் தேடிப் பார்த்துவிட்டுக் கைவிரித்துவிடுவோம். குடும்பப் பெயர் என்ற ஒன்று நமக்கு இல்லாதபோது, பெயரைக்கொண்டு ஒருவரைத் தேடுவது பயன் தராது. மேலும், தாத்தாவின் பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கத்தால் ஒரே குடும்பத்தில் ஒரே பெயர் ஒன்றுவிட்ட தலைமுறைகளில் திரும்பத் திரும்ப வரும். இரண்டு ஆட்களை ஒருவராகக் குழப்பிக்கொண்டு வருடக்கணக்கில் அலைந்தவர்கள் உண்டு. முதலில் தேட வேண்டியது பெயரை அன்று, எண்ணை.

1860 நவம்பர் 16 அன்று 'ட்ரூரோ' என்ற கப்பல் சென்னையிலிருந்து 342 பேரை ஏற்றிக்கொண்டு தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதியிலுள்ள டர்பனை அடைந்தது முதல், 1911இல் ஒப்பந்தக் கூலிகளை (குறித்த ஆண்டுகள் வேலை செய்வதாக ஒப்பந்தம் செய்துகொண்டவர்களை) அங்கே அனுப்புவது நிறுத்தப்பட்டது வரை, ஏறத்தாழ 1,52,000 பேர் நேட்டாலுக்குச் சென்றார்கள். அவர்களில் பெரும்பகுதியினர் சென்னைத் துறைமுகத்தில் ஏறியவர்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு காலனி எண் கொடுக்கப்பட்டது. எண்கள் வரிசையாக ஓடுவதால், எண் கிடைத்தால் கப்பலும் வந்த ஆண்டும் உடனே தெரிந்துவிடும். டர்பன் குடும்பத்தாரிடம் பழைய பிறப்பு, திருமணச் சான்றிதழ்களைத் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். பிள்ளைகளின் சான்றிதழில் பெற்றோரின் காலனி எண் குறிக்கப்பட்டிருப்பதுண்டு. அது இல்லையென்றால், இறந்தவரின் சொத்துக் கோப்பிலுள்ள இறப்பு அறிவிப்பைக் கேட்க வேண்டும்; பெற்றோர், பிள்ளைகள் பெயர்களுக்கான இடம் அதில் உண்டு. கப்பல் பட்டியல்கள் டர்பன் ஆவணக் காப்பகத்திலும், குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி–லுதுலி ஆவண மையத்திலும் உள்ளன. பட்டியலில் எவ்வளவு தேடியும் ஆள் இல்லையென்றால், அவர் ஒப்பந்தக் கூலியாகப் போகாமல் சொந்தக் காசில் பயணம் செய்தவராக இருக்கலாம். அவர்கள் இந்தப் பட்டியல்களில் வரமாட்டார்கள்.

பட்டியலில் பெயர், தகப்பனார் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடல் அடையாளங்கள் என்று கட்டங்கள் இருக்கும். இங்கேதான் தமிழ் அறிந்தவரின் வேலை தொடங்குகிறது. எழுதிய குமாஸ்தா காதில் விழுந்ததைத் தன் ஆங்கில எழுத்துக்கூட்டலில் போட்டிருக்கிறார். ஆகவே அந்த வரியைக் கண்ணால் படிக்காமல் வாய்விட்டுப் படித்துக் காதால் கேட்க வேண்டும்.

ஒரு வரி இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம்: 'மூன்சாமி, தந்தை கூபென், வயது 22, நார்த் ஆர்காட், ஆர்னி, சாவூர்'. மூன்சாமி என்பது முனுசாமியாகவோ முனிசாமியாகவோ இருக்கும். கூபென் என்பவர் குப்பன். முன்பு பிறந்த குழந்தைகள் தங்காத வீட்டில்தான் பிள்ளையைக் குப்பையில் கிடத்தி எடுத்து அந்தப் பெயரை வைப்பார்கள் என்பதால், அந்தப் பெயரே குடும்பத்தைப் பற்றி ஒரு செய்தி சொல்லக்கூடும். நார்த் ஆர்காட் என்பது வட ஆர்க்காடு ஜில்லா, ஆர்னி என்பது ஆரணி. சாவூர் என்ற பெயரில் அங்கே ஊர் தேடினால் கிடைக்காமல் போகலாம். ஆனால் ஆரணிக்குப் பக்கத்தில் சேவூர் இருக்கிறது என்பது அந்தப் பக்கத்து ஆளுக்கு வரியைக் காதில் கேட்ட மாத்திரத்தில் தோன்றிவிடும். இது எழுத்துக்கூட்டலைக் காட்டுவதற்காக நானே எழுதிய வரிதான் என்றாலும், உண்மைப் பட்டியலிலும் வேலை இப்படித்தான் நடக்கும். ழகரம் லகரமாகியிருக்கும், 'பாக்கம்', 'மங்கலம்' ஆகியவற்றின் கடைசி அசை விழுங்கப்பட்டிருக்கும், 'மேல்', 'கீழ்' என்ற முன்னொட்டு காணாமல் போயிருக்கும். கோவெண்டர், மூட்லி, படையாச்சி என்று இன்று டர்பனில் வழங்கும் குடும்பப் பெயர்களை அப்படியே நம்பிவிடாதீர்கள். அவற்றுள் சில பின்னால் சேர்ந்தவை, இன்னும் பல குடும்பங்களில் தகப்பனார் பெயரே குடும்பப் பெயராக உறைந்துவிட்டது. ஜில்லா கட்டத்தில் விசாகப்பட்டினம் அல்லது கஞ்சம் என்றிருந்தால், தேடலைத் தெலுங்கோ ஒடியாவோ அறிந்த ஒருவரிடம் ஒப்படைப்பதே நேர்மை.

ஒரு வரியோடு நின்றுவிடுவது பெரும்பாலோர் செய்யும் தவறு. அந்த எண்ணுக்கு முன்னும் பின்னும் இருபது இருபது எண்களையாவது படித்துப் பாருங்கள். ஒரே ஊரிலிருந்து கிளம்பியவர்களும், கணவன், மனைவி, பிள்ளைகளும் பெரும்பாலும் அடுத்தடுத்த எண்களில் பதிவானார்கள். ஒரு வரியில் சிதைந்து கிடக்கும் ஊர்ப்பெயர் நான்கு எண் தள்ளி இன்னொருவரின் வரியில் தெளிவாக இருக்கலாம். பெண்களைத் தேடும்போது இந்த முறையைவிட வேறு நல்ல வழி எனக்குத் தெரியாது. அம்மாக்கண்ணு, பாப்பம்மாள் என்ற ஒற்றைப் பெயரை வைத்துக்கொண்டு தனியாகத் தேடினால் ஆயிரம் பேர் வருவார்கள்.

காலத்தைச் சரிபார்க்கக் குடும்பத்தின் வாய்மொழி உதவும். 'தாது வருஷப் பஞ்சத்தில் போனவர்' என்று யாராவது சொல்லியிருந்தால், அது 1876–78 பெரும்பஞ்சம். இடையில் நின்றிருந்த நேட்டால் பயணம் 1874இல் மறுபடி தொடங்கியிருந்ததால் அந்தக் கூற்று பொருந்தும். தமிழ் ஆண்டுகள் அறுபது வருடத்துக்கு ஒருமுறை திரும்பும் என்பதையும் மறக்கக் கூடாது. பழைய ஜாதக ஓலையில் 'பிரபவ' என்று கண்டால் அது 1867ஆ 1927ஆ என்பதை வேறு சான்றைக்கொண்டுதான் முடிவுசெய்ய முடியும்.

ஊர் இன்னதென்று தோன்றிய பிறகு, அன்றைய ஜில்லா எல்லையை வைத்துப் பாருங்கள். அன்றைய வட ஆர்க்காட்டின் ஒரு பகுதி 1911இல் சித்தூர் மாவட்டமாகப் பிரிந்தது. இன்று வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று பல மாவட்டங்களில் அதன் ஊர்கள் சிதறிக் கிடக்கின்றன. நிலப் பதிவேடுகளுக்குக் கிராம நிர்வாக அலுவலரையும், பழைய ஜமாபந்தி (ஆண்டு வருவாய்க் கணக்குத் தணிக்கை), நிலவரித் திட்ட ஆவணங்களுக்குச் சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தையும் அணுகலாம். ஜமீன், ஜாகீர் ஊர்களாக இருந்தவற்றில் 1948 ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகே ரயத்துவாரி (அரசே உழவரிடம் நேரடியாக வரி வாங்கும்) நிலவரித் திட்டம் வந்தது என்பதால், அதற்கு முந்திய வருவாய்க் கணக்கை அரசுப் பதிவேடுகளில் காண்பது அரிது. எப்படியிருந்தாலும், கூலிக்குக் கப்பலேறியவர்களில் பலருக்குக் காணி நிலம்கூட இருந்ததில்லை. பட்டாவில் பெயர் இல்லை என்பதற்காக அவர் அந்த ஊர்க்காரர் இல்லை என்று சொல்லிவிட முடியாது.

பதிவேடு பேசாத இடத்தில் குலதெய்வம் பேசும். டர்பன் குடும்பம் இன்றும் ஆடி மாதத்திலோ மாசியிலோ எந்தச் சாமிக்கு என்ன படைக்கிறது, ஆட்டுக்கிடாவா சேவலா, பொங்கல் மட்டுமா என்பதை விரிவாகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஊருக்குப் போனதும் அந்தக் கோயிலில் தலைக்கட்டு வரி கொடுக்கும் பங்காளிகள் யார் என்று விசாரியுங்கள். சாதிக் கட்டத்தை இங்கே தயக்கமின்றிப் பார்த்தாக வேண்டும். ஊரில் எந்தத் தெருவில் போய்க் கேட்பது என்பது அதைப் பொறுத்தது. பட்டியலில் உள்ளதும் குடும்பம் இன்று சொல்வதும் வேறுபட்டால், அதை அவர்களிடம் பக்குவமாகச் சொல்ல வேண்டியது உங்கள் பொறுப்பு.

விசாரிக்கும்போது பெயரை முதலில் சொல்லிவிடாதீர்கள். "சேவூரிலிருந்து முனுசாமி என்று ஒருவர் போனாரா?" என்று கேட்டால், தொலைவிலிருந்து வந்தவரை ஏமாற்றக் கூடாது என்ற நல்ல எண்ணத்தாலேயே ஆமாம் என்று சொல்லிவிடுவார்கள். "உங்கள் வகையறாவில் கடல் தாண்டிப் போய்த் திரும்பாதவர் யாராவது உண்டா, அவருடைய அண்ணன் தம்பி பெயர் என்ன?" என்று கேளுங்கள். குப்பன் என்ற பெயர் அவர்கள் வாயிலிருந்து தானாக வந்தால், அந்த இடத்திலேயே தேதியிட்டு, சொன்னவர் சொன்ன சொற்களிலேயே எழுதி, பக்கத்தில் காலனி எண்ணையும் குறித்துக்கொண்டு டர்பனுக்கு அனுப்புங்கள்.