நாலு கோர், ஒரே கன்சோல்: கர்னல் எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன சனிக்கிழமை, சொந்தமாகக் கர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) எழுதும் இரண்டு மாணவர்கள் மடிக்கணினியோடு வேளச்சேரியில் என் அறைக்கு வந்தார்கள். திரையில் ‘சிசிபிபியூயூ 21 ததயாயார்ர்’ என்று இருந்தது. பிராசசரின் இரண்டு கோர்கள் ஒரே சமயத்தில் ‘தயார்’ சொல்லி, எழுத்துகள் கலந்துவிட்டன. ஒரு நேரத்தில் ஒரு கோர் மட்டும் எழுதும்படி பூட்டு (லாக்) போட வேண்டும் என்பது அவர்களுக்கே தெரியும். “போட்டா சிஸ்டம் நின்னுடுதுண்ணா, எடுத்துட்டா ஓடுது” என்றான் ஒருவன். நான் விழுந்த அதே குழி.

எழுத்துக்கு ஒரு பூட்டு

வேண்டாம். முழு வரிக்கு ஒன்று.

இன்டரப்ட்டை நிறுத்தாமல் பூட்டுவது

ஒரு கோர் பூட்டை எடுத்துக்கொண்டு பாதி வரி எழுதியிருக்கும். அதே கோரில் டைமர் இன்டரப்ட் வரும், அதாவது நடக்கும் வேலையைப் பாதியில் நிறுத்தி வேறு நிரலை ஓடவைக்கும் சிக்னல். அதைக் கையாளும் நிரலும் ஏதோ அச்சிடப் பார்த்து, பூட்டு கிடைக்கும்வரை திரும்பத் திரும்பக் கேட்டுச் சுழலும். பூட்டை வைத்திருப்பதோ அதற்கு அடியில் பாதியில் நிற்கும் வேலை. அது எழுந்தால்தானே விடும்! அப்புறம் மற்ற கோர்களும் அச்சிட வந்து ஒவ்வொன்றாக மாட்டும். திரையில் ஒரு எழுத்தும் வராது.

கணினியையே மென்பொருளில் போலியாக ஓட்டும் கியூஎமுவில் இது எப்போதாவதுதான் நடக்கும், ஏனென்றால் அங்கே எழுத்து உடனே போய்விடும். நிஜ போர்டில் 115200 பாட் வேகத்தில் ஓடும் சீரியல் லைன் நொடிக்குச் சுமார் 11,500 எழுத்துதான் அனுப்பும். 80 எழுத்து வரிக்கு 7 மில்லிசெகண்ட். டைமர் 10 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை அடித்தால் தப்பிப்பது கஷ்டம். எனக்கு மூன்று நாள் போனது. எந்த வேலை எப்போது ஓடும் என்று முடிவு செய்யும் ஷெட்யூலர்மேல் சந்தேகப்பட்டு அதை முழுக்கத் திருப்பி எழுதினேன். இன்று நினைத்தாலும் எரிச்சல் வருகிறது.

முதலில் அந்தக் கோரின் இன்டரப்ட்டை நிறுத்துங்கள், பிறகு பூட்டுங்கள். விடும்போது பூட்டை முதலில் விடுங்கள். சரி, இன்டரப்ட்டை உடனே திறந்துவிடலாமா? கூடாது. முன்பு எப்படி இருந்ததோ அப்படியே திருப்பி வையுங்கள். உங்களைக் கூப்பிட்ட நிரல் வேறொரு பூட்டைப் பிடித்து, இன்டரப்ட்டை ஏற்கெனவே நிறுத்தியிருக்கலாம். எம்ஐடி பாடத்துக்காக எழுதிய சின்ன இயங்குதளமான எக்ஸ்வி6 இதற்காகவே எத்தனை முறை நிறுத்தினோம் என்று ஒவ்வொரு கோருக்கும் எண்ணி வைக்கிறது.

பேனிக்கிலும் பூட்டுக்குக் காத்திருப்பது

பேனிக் என்றால் கர்னல் மீள முடியாத பிழையில் நின்றுபோவது. பூட்டை வைத்திருந்த கோரே விழுந்திருக்கலாம். பேனிக் செய்தி பூட்டைத் தாண்டிப் போகட்டும், கலங்கி வந்தாலும் பரவாயில்லை.

ஒரே கோரில் சோதிப்பது

நாலு கோர் கொடுத்து ஓட்டுங்கள்.

அந்த மாணவர்கள் இன்டரப்ட்டை நிறுத்தித் திருப்பி வைக்க நிரலில் இரண்டு வரி சேர்த்தார்கள். டைமர் ஒவ்வொரு முறையும் அச்சிடும்படி வைத்து ராத்திரி முழுக்க ஓடவிட்டோம். காலையில் ஒவ்வொரு வரியும் முழுசாக இருந்தது.